கூடையில் ஜெர்கின், பாலத்தில் வெயில்

காலை 8.30, அடையாறு. கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர் சேகர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு முன்கூடையில் வழக்கம்போல அவருடைய சாமான்களை அடுக்கினார்: ஒரு தடித்த ஜெர்கின், கம்பளிக் கையுறை, காதை மூடும் குரங்குக் குல்லா. மே மாதத்தில் இப்படி ஒரு மூட்டையோடு கிளம்புகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், "இன்னா நைனா, ஊட்டிக்கா?" என்று கேட்டார். தினமும் கேட்பாராம். இவரும் தினமும் சிரிப்பாராம்.

ஊட்டிக்கு இல்லை, பாண்டி பஜாருக்கு. அங்கே பின்தெரு ஒன்றில் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரிகளின் கிடங்கு இருக்கிறது. அதன் குளிர் அறையில் இவருக்குப் பெட்டி இறக்கி ஏற்றும் மேற்பார்வை வேலை. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வெளியே நாற்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான், அதைத் தாண்டினால் எங்கள் வீடு வரை ஏழு கிலோமீட்டர் சாலை.

நான் கூடப் போனதற்குக் காரணம் உண்டு. முந்தைய வியாழக்கிழமை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, கிடங்குப் படியில் வழுக்கிவிட்டது என்றார். தெரு கிளினிக் டாக்டரோ, குளிரிலிருந்து நேரே வெயிலுக்குப் போனால் மயக்கம் வரும், வயது ஐம்பத்து மூன்று, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதே டாக்டர்தான் போன வருடம் சர்க்கரைக்கு சைக்கிள் மிதிக்கச் சொன்னவர். மிதித்ததில் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. சைக்கிளை நிறுத்தினால் சர்க்கரை ஏறும், நிறுத்தாவிட்டால் மனிதரே விழுவார். இதில் எதற்கு நான் முதலில் பயப்படுவது? நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ஒரு நாள் முழுக்கக் கூடவே போய்க் கண்ணால் பார்ப்பது, மோசமாக இருந்தால் சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் தி. நகரில் ஜாக்கெட் துணி எடுக்க வேண்டும் என்றேன். ஜாக்கெட் துணிக்கு யாராவது இந்த வெயிலில் சைக்கிளில் போவார்களா என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்ட மகளின் ரோஸ் நிற சைக்கிளை எடுத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்கப் பத்து ரூபாய் ஆனது.

8.55, சர்தார் படேல் சாலை. சீட்டில் உட்கார்ந்ததும் தோசைக்கல் நினைவு வந்தது. சிக்னலில் ஒரு வேடிக்கை பார்த்தேன். வெள்ளைக் கோட்டருகே ஒருவரும் இல்லை. ஸ்கூட்டர், பைக் எல்லாம் நாற்பதடி பின்னால் ஒரு மரத்தின் நிழலுக்குள் முட்டிமோதிக்கொண்டு நிற்கின்றன. பச்சை விழுந்து அவர்கள் அங்கிருந்து கிளம்பி வருவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. யாரும் கோபப்படவில்லை. நாங்களும் நிழலுக்குள்தான் நின்றோம்.

9.10, காந்தி மண்டபம் சாலை. வடக்கே திரும்பியதும் இவர் ஒரு காரியம் செய்தார். இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தவர், இடைவெளி பார்த்துச் சாலையைக் குறுக்கே கடந்து வலது ஓரத்துக்குப் போய்விட்டார். எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிறார். நான் இடது பக்கத்திலேயே, அவர் பெயரைச் சொல்லிக் கத்தவும் முடியாமல், ஒரு கண் சாலையிலும் ஒரு கண் அவர் மேலுமாகப் போனேன். ஒரு பஸ் அவரை நெருங்கும்போது அவர் மதிலோடு ஒட்டி ஒரு காலை ஊன்றி நின்றார். பஸ் போனதும் மறுபடி கிளம்பினார்.

கொஞ்ச தூரம் போனபின்தான் காரணம் புரிந்தது. நான் பூகோளம் நடத்துகிறவள். காலையில் வெயில் கிழக்கிலிருந்து வருகிறது, அதைக் கிழக்குப் பக்கத்து மதிலும் மரங்களும் மறைப்பதால் அந்த ஓரத்தில்தான் நிழல். வடக்கே போகிறவருக்கு அது வலது பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பி வரும்போது வெயில் மேற்கு, நிழல் மேற்கு ஓரம், அதுவும் வலது பக்கம். போகும்போதும் வரும்போதும் இவருக்குச் சட்டப்படியான பக்கம் முழுக்க வெயில்தான். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு நிழல் விழும் திசையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அது என் புருஷனை பஸ்ஸுக்கு எதிரே ஓட்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

9.25, கோட்டூர்புரம் பாலத்துக்கு முன். இங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே ஏழெட்டு சைக்கிள்கள் நின்றிருந்தன. அடுக்குமாடி வாட்ச்மேன்கள் இருவர், ஒரு தச்சர், பால் பாக்கெட் போட்டுவிட்டுத் திரும்புகிறவர், லேடீஸ் சைக்கிளில் ஒரு பெண். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் இருப்பவள், நந்தனத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள், பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது. யாரும் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்தார்கள், துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓர் இலை நிழல் கிடையாது. அதனால் தனியாக யாரும் போவதில்லை, சேர்ந்த பிறகு கூட்டமாகத்தான் ஏறுவார்கள். கூட்டமாகப் போனால் பஸ்காரர் ஒதுங்கிப் போவார், யாருக்காவது ஒன்று என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும்.

கஸ்தூரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "அண்ணாத்தே சம்சாரமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"இனிமே பயப்படாதக்கா. நாங்க அவர நடுவுல உட்டுத்தான் இட்டுகினு போறோம். போன வியாயக்கெயம நடுப் பாலத்துல அப்டியே சாஞ்சிட்டாரு. பின்னால பஸ்ஸு வந்துகினு கீது. நான்தான் குறுக்க நின்னு கைய காட்னேன்."

அவள் எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் குனிந்து, ஒன்றும் ஆகாத செயினைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிடங்குப் படியாம், வழுக்கிவிட்டதாம்!

பாலத்தின் மேல் மிதித்த அந்தச் சில நிமிடங்களில் எனக்கு ஆறும் தெரியவில்லை, நாற்றமும் தெரியவில்லை. எந்த இடம், எந்த இடம் என்று தார்ச்சாலையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

9.50, வெங்கட்நாராயணா சாலை. மெட்ரோ வேலைக்காக உயரமான தகரத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் காலடியில் இரண்டு முழ அகலத்துக்கு நிழல். அதற்குள் வரிசையாக நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும். இவர் அதிலும் பிசகாமல் போனார். அவருடைய உடம்பு என்னைவிட நன்றாக வழி கற்றுக்கொண்டிருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

10.05, கிடங்கு. நனைந்த சட்டையோடு உள்ளே போனால் அது முதுகிலேயே விறைத்துவிடுமாம். வாசலில் துவட்டி, வேறு சட்டை மாற்றி, ஜெர்கின், கையுறை, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். என் முகத்தில் அடித்த குளிரில் மூச்சு ஒரு கணம் நின்றுபோனது. கதவு சாத்திக்கொண்டது.

நான் துணி எடுத்தேன். மீட்டர் நூற்றிருபது ரூபாய், நல்ல மாம்பழ மஞ்சள். தொண்ணூறு ரூபாய்க்குச் சாப்பிட்டேன். பனகல் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்தேன். எல்லாக் கேள்விகளும் கடைசியில் பஸ் வந்து நின்ற இடத்தில் போய் நின்றன. கஸ்தூரி அன்றைக்கு லீவு போட்டிருந்தால்?

4.05, மறுபடி கிடங்கு வாசல். வெளியே வந்தவரின் கண்ணாடியில் ஆவி படர்ந்து கண்ணே தெரியவில்லை. கையைப் பிடித்தேன், ஃப்ரிட்ஜில் வைத்த வெண்டைக்காய் போலிருந்தன விரல்கள். உடனே சைக்கிளை எடுக்கப் போனவரைப் படியில் உட்காரவைத்தேன். உடம்பு சூடாகட்டும், இருபது நிமிடம் ஆகும் வரை நகரக்கூடாது என்றேன். மோர் வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னா நீ சைக்கிளைப் பூட்டிடுவே விஜி."

"பூட்டத்தான் வந்தேன். அந்த ராங் சைடையாவது விடுங்க."

"இடது பக்கம் போனா வெயில், வலது பக்கம் போனா பஸ். ரெண்டுல ஒண்ணுன்னா நான் நிழல்லயே சாவறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுத்தெருவில், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன். அவர் பதறிப்போய்த் தன் குரங்குக் குல்லாவைக் கண்ணீர் துடைக்கக் கொடுத்தார். அது இன்னமும் சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: இனி தினமும் இந்தப் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன், எதிர்ப்பக்கம் ஓட்டாமல் நிழலில் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். நேரம் ஆகுமே என்றேன். ஆகட்டும் என்றார்.

5.00, பாலத்தின் வடக்கு முனை. வெயில் இன்னும் கண்ணைக் குத்தியது. கஸ்தூரியும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். அரை மணிக்கு மேல் நின்றிருக்கிறார்கள், இவருக்காகத்தான். இவர் வழக்கமான தன் இடத்துக்கு, நடுவுக்குப் போனார். கஸ்தூரி அவரைத் தடுத்தாள். என் முகத்தைப் பார்த்தபடி, "இன்னிக்கு நீ பின்னால வா அண்ணாத்தே. அக்கா நடுவுல வரட்டும்," என்றாள். முன்னால் வாட்ச்மேன்கள், பின்னால் கஸ்தூரியும் இவரும். ஒரு பஸ் எங்களைச் சுற்றி மெதுவாகப் போனது. ஹேண்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் விழமாட்டேன் என்று தெரிந்தது. சாவியை ஒளிக்கும் எண்ணம் எனக்குப் போனது அந்தப் பாலத்தின் நடுவில்தான்.

தெற்கு முனையில் இறங்கியதும் கஸ்தூரியிடம் என் நம்பரைக் கொடுத்தேன். இவர் பாலம் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் போதும் என்றேன். ஒரு தடவை மணி அடித்துக் கட் ஆனால் நல்ல சேதி, எடுக்க வேண்டாம். விடாமல் அடித்தால் எடுக்க வேண்டும். எனக்கே ஆள் வைக்கிறாயா என்று இவர் வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு வந்தார்.

இப்போது ஜூன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வெயில் மட்டும் விடுமுறைக்குப் போகவில்லை. ஐந்து மணி சுமாருக்கு நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு. கஸ்தூரியின் பெயர் வரும், மணி அடிக்கத் தொடங்கும். ஏழு கிலோமீட்டரையும் நான் மிதித்துப் பார்த்துவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு இன்னமும் பழகாத தூரம், முதல் மணிக்கும் அது கட் ஆவதற்கும் நடுவில் இருப்பதுதான்.