லா சப்பலுக்கு நான்கு பக்க இலக்கணத்துடன்

என் பெயர் சிவநேசன். இந்த மார்ச்சில் நான் லண்டனிலிருந்து பாரிஸ் சென்றதன் நோக்கம் ஒன்றே: மறைந்த என் நண்பன் குமரனின் மனைவி செலினுக்குத் தமிழ் இலக்கணம் கற்பிப்பது. பிரெஞ்சுக்காரரான செலின் மே மாதம் முதன்முறையாக யாழ்ப்பாணம் சென்று மாமியாரைப் பார்க்கப் போகிறார். இடையில் மொழிபெயர்க்க ஒருவர் நிற்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். நான் விதிகளை நான்கு பக்கங்களில் எழுதி எடுத்துச் சென்றேன்.

காலை 8.01 ரயில், ஒருவழிக் கட்டணம் 58 பவுண். பாரிஸ் நேரப்படி 11.20க்கு இறங்கினேன். நிலையத்திலிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் ஏறக்குறைய 600 மீற்றர்; நடந்தால் எட்டு நிமிடம். (மெட்ரோ எடுப்பது வீண்.) இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நானும் குமரனும் இங்கே ஆறாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். கீழே இப்போது நகைக்கடை. எங்கள் ஜன்னலின் பச்சைக் கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. சற்று நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேநீர்க் கடையில் காத்திருந்த செலின் முதல் பக்கத்திலேயே என்னை நிறுத்தினார்.

“‘எனக்குப் பசிக்குது’ எண்டுறியள். ‘நான்’ எங்கை போச்சு?”

ஐம்பது வயது வரை நாள்தோறும் சொல்லிவந்த வாக்கியம். வேற்றுமை உருபு என்றேன். “ஏன்?” என்றார். அந்தக் கேள்வியைத் தேநீர் கொண்டுவந்த கடைக்காரரிடம் கேட்டேன்.

“பசிச்சாச் சாப்பிடுறதுதானே அண்ணை, இதுக்கேன் விசாரணை?”

செலின் கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பொறும் மச்சான், ஆறட்டும்.”

கடைக்காரர் வெடித்துச் சிரித்தார். “மடாம், ‘மச்சான்’ எண்டது ஆம்பிளையள் தங்களுக்கை கூப்பிடுறது! ஆரிட்டைப் பழகினனீங்கள்?”

செலின் முகம் சிவந்துவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இவர் போன் எடுப்பார். குமரன் கதைக்கிறதைப் பக்கத்தில இருந்து கேட்டுப் பழகினன். பிழையோ? மாமி சிரிப்பாவோ?”

அந்தப் ‘பொறும்’ இழுபட்ட விதம் குமரனுடையது. விளிம்பைத் தொட்ட விரலும் அவனுடையதே. அவன் போனபின், ஒரு வருடமாக என்னை யாரும் அப்படி அழைக்கவில்லை; யாழ்ப்பாணத்தில் அவன் அம்மாவும் அந்த இழுவையைக் கேட்கவில்லை. என் இரண்டாம் பக்கத்தின் தலைப்பு ‘விளிச்சொற்கள்’. அதைத் திருப்பவில்லை.

“மாமியை ‘நீங்கள்’ எண்டு சொல்லுங்கோ. மச்சான் எண்டு மட்டும் கூப்பிடாதேங்கோ. மிச்சத்தில கை வைக்காதேங்கோ.”

“உங்களை?”

“என்னைக் கூப்பிடலாம்.”

போகிறவர்களுக்கு: தேநீர் 1.50 யூரோ, வடை ஒரு யூரோ. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பின் உட்கார இடம் கிடைப்பது அரிது. தாய்மொழியைப் பிறருக்கு விளக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு செல்லவேண்டாம். காதால் பழகியது விதியாக வாய்க்கு வருவதில்லை.

நான்கு பக்கங்களும் என் பையிலேயே திரும்பி வந்துவிட்டன. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மீண்டும் குமரன் வீட்டுக்குப் போன் எடுத்துச் செலினுடன் கதைக்கப் போகிறேன். மே மாதம் வரை ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பேன். ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன்.