வெற்றிலையில்லாத பாக்கு

வாய் அகன்ற அந்தப் பித்தளைக் குடம் எங்கள் அக்காளுக்குக் கல்யாணச் சீராக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விசேஷத்துக்கு இரவல் கேட்டால் அக்காள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடத்துக்குள் ஓட்டுப் போட்டார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற ரயில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் போகும். ஜன்னலெல்லாம் மூட்டையும் முகமுமாக இருக்கும். அக்காள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்கு நிறைமாதம். ஒத்தாசைக்கு நான் கிள்ளானிலிருந்து வந்திருந்தேன். அத்தானுக்கு ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வேலை போனால் வீடும் போய்விடும், அப்புறம் நாங்களும் அந்த ரயிலில்தான் ஏற வேண்டும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சோறு போடும்போதுகூட எங்களுக்கு அந்த நினைப்புதான்.

இப்படிப்பட்ட நேரத்தில்தானா அத்தானுக்கு நியாயம் பேசத் தோன்ற வேண்டும்? கோலாலம்பூரில் சட்டம் போடுகிற கவுன்சில் ஒன்று இருந்தது. அதில் நம் இந்தியர்களுக்கென்று ஒரு நாற்காலி. யார் அதில் உட்காருவது என்பதைத் துரைமார்களே பார்த்து நியமிப்பார்கள். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம பேருல பேசப்போற ஆள நாம பொறுக்காம வேற யாரு பொறுக்கறது?" என்று சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

அக்காள் அடுப்படியிலிருந்து, "அந்த நாற்காலியில யாரு உக்காந்தா நமக்கென்னங்க? நீங்க உக்காந்திருக்கற நாற்காலி நெலச்சாப் போதும்" என்பாள். கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவன் அரசியல் பேசினால் சீட்டுக் கிழிந்துவிடும். நாடு கடத்திவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அத்தான் காதில் எதுவும் ஏறவில்லை. நம்மவர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தின் கூட்டத்தில் பேச்சை எடுத்தே விட்டார். நியமனமா, தேர்தலா, அடுத்த ஞாயிறு சங்கத்தார் முடிவு சொல்லட்டும் என்று ஆகிவிட்டது.

கை தூக்கச் சொன்னால் எவன் தூக்குவான்? அந்த நாற்காலிக்கு நியமனம் பெற்ற கனவானே கோட்டும் தலைப்பாகையுமாக மேடையில் இருப்பார். பக்கத்திலேயே ரயில்வே ஆபீசின் பெரிய கிராணி இருப்பார். எவன் எந்தப் பக்கம் என்று மறுநாள் காலையிலேயே துரைக்குத் தெரிந்துவிடும். சீட்டில் எழுதிப் போடலாமென்றால் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அத்தான்தான் யோசனை சொன்னார். வாசலில் தாம்பூலத் தட்டு வைப்பது வழக்கம்தானே? ஆளுக்கு ஒரு வெற்றிலையும் ஒரு கொட்டைப் பாக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டி கட்டி மறைத்த இடத்தில் அக்காளின் பித்தளைக் குடம் இருக்கும். நியமனமே போதும் என்பவர் வெற்றிலையைப் போட வேண்டும், தேர்தல் வேண்டும் என்பவர் பாக்கைப் போட வேண்டும். மற்றதை மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் இருந்தோம், வெற்றிலை துடைத்து அடுக்கியதும் நாங்கள்தான். அதிலிருந்த கோளாறு எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை.

கோயிலை ஒட்டிய கொட்டகையில் கூட்டம். நாங்கள் பெண்கள் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தோம். அக்காளின் கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் போய் வந்தார்கள். வெளியே வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியாகப் போனவர் அத்தான்.

குடத்தைத் தூக்கிப் பாயில் கவிழ்த்தார்கள். அடக் கடவுளே! வெற்றிலையும் பாக்கும் ஜோடி ஜோடியாக விழுந்தன. எல்லாரும் இரண்டையும் சேர்த்தே போட்டிருந்தார்கள். சில மகராசன்கள் சுண்ணாம்பு வாங்கித் தடவி, பாக்கை உள்ளே வைத்து மடித்தே போட்டிருந்தார்கள். வெறும் வெற்றிலையையோ வெறும் பாக்கையோ நாம் யாருக்காவது கொடுப்போமா? ஆகாது என்றுதானே பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். கை பழகிப்போய் அப்படிப் போட்டார்களா, இல்லை பயத்துக்கு வழக்கம் ஒரு போர்வையாகக் கிடைத்ததா? இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேடையிலிருந்த கனவானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் சேந்து தாம்பூலமே வச்சுட்டீங்க. இதவிட வேற என்ன சம்மதம் வேணும்?" என்று மடித்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொட்டகையே சிரித்தது. அப்பாடா என்று சிரித்த சிரிப்பு அது.

பெரிய கிராணி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பாயிலிருந்து எதையோ எடுத்தார். வெற்றிலையில்லாத ஒற்றைப் பாக்கு.

"இது யாரோடது?" என்றார்.

சிரிப்பு நின்றது. அவர் பார்வை வரிசையாக ஒவ்வொரு முகத்திலும் நின்று நின்று வந்து அத்தானிடம் தங்கியது. அத்தான் மெல்ல எழுந்திருக்கப் போனார். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குள் பக்கத்திலிருந்த அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஐயா, அது ஓட்டு இல்லீங்க. கொடத்தக் கழுவி வைக்கும்போது என் மடியிலேருந்து விழுந்திருக்கும். நான்தான் கவனிக்கல."

ஆண்கள் கூட்டத்தில் அக்காள் குரலெடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பெரிய கிராணி அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தார். பெண்களுக்கு அங்கே ஓட்டு ஏது? பெண்பிள்ளை மடியிலிருந்து விழுந்த பாக்கு எந்தக் கணக்கிலும் சேராது. வெளியே விட்டெறிந்தார். அத்தான் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. அந்த வீட்டிலேயே அக்காளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அத்தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. பென்ஷன் வாங்கும்வரை தலைகுனிந்து வேலை பார்த்தார், கவுன்சில் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. இந்த நாட்டில் முதல் பொதுத் தேர்தல் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் போட்ட ஒரே ஓட்டு அந்தப் பாக்குதான்.

இப்போது நமக்குச் சொந்தமாகப் பார்லிமெண்ட் இருக்கிறது, அதற்கு மேல்சபையும் இருக்கிறது. மேல்சபைக்கு மட்டும் இன்னும் ஜனங்கள் நேராக ஓட்டுப் போடுவதில்லை, அதில் பல பேருக்கு நியமனம்தான். போன வாரம் அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. அன்றைக்கு வயிற்றிலிருந்தவன் இன்று கவர்மெண்டில் பெரிய உத்தியோகம். "நியமனம்னா என்ன தப்பு சின்னம்மா? நல்ல ஆளாப் பாத்துத்தானே போடுறாங்க? எல்லாத்துக்கும் எலெக்ஷன் வச்சா சண்டைதான்லா" என்றான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காள் சொம்பை ணங்கென்று வைத்தாள். "நல்ல ஆளா இருந்தா நம்மளக் கேட்டுட்டுப் போடட்டுமே! கேட்டாக் கொறஞ்சா போயிடும்? உங்கப்பா கேட்டது அது ஒண்ணுதான்டா!"

வீடு அதிரும்படி கத்திவிட்டாள். அடுத்த கணம் முகம் வெளுத்துப்போய் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. இருந்தாலும் நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.