மாங்கிளை நட்ட குழி

பெய்ராங்கிற கடலோர ஊருல செஃபெரினோவைத் தெரியாத எலியே கிடையாது. இருபது வருஷமா பாதாள சாக்கடையில இறங்குற ஆளு. அவன் மூக்கு எப்பவோ வேலைய ராஜினாமா பண்ணிட்டுப் போயிருச்சு. தரைக்கு அடியில எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டே காலால தட்டிக் காட்டுவான்.

புயல் அடிச்ச மூணாம் நாளு. முன்யாவா பேட்டையில தொடை வரைக்கும் தண்ணி. கூரைத் தகரமெல்லாம் பறந்துபோயி கடல்ல மீனுக்கு நிழல் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. தண்ணி வடியணும்னா சாக்கடை மூடியத் திறக்கணும். திறந்தா குழியில ஒரு கிளைய நட்டு வைக்கணும். அதைப் பாத்து சனம் ஒதுங்கிப் போகும். காலங்காலமா அப்படித்தான். செஃபெரினோ தெருமுனையில காலால தடவி, கடப்பாரையால நெம்பி மூடியத் தூக்கினான். பெரிய மாங்கிளை ஒண்ண நட்டான்.

அதுக்குள்ள மேஸ்திரி சாய்மோன் லாரியோட வந்துட்டான்.

"ஏறுடா எலி! பெரிய ரோடு உள்ள இறங்கிருச்சு. அடியில குழாய் உடைஞ்சு வாயப் பொளந்துக்கிட்டு கிடக்கு."

"குழிகிட்ட ஆள் நிக்கணுமே மேஸ்திரி."

"அதான் உன்னவிட லட்சணமா கிளை நிக்குதே. ஏறு!"

லாரி ரெண்டு தெரு போனதும்தான் செஃபெரினோ கண்ணுல பட்டுது. புயல் ஊரு மாமரத்தையெல்லாம் ஒடிச்சுத் தண்ணியில சொருகி வச்சிருக்கு. திரும்புற பக்கமெல்லாம் மாங்கிளை, லட்சம் கிளை. இதுல எது குழி, எது குப்பைன்னு யாருக்குத் தெரியும்?

மத்தியானம் ஆகப்போகுது; அவன் பொண்டாட்டி ஃபெலிஸ்மினா களியும் கருவாடும் எடுத்துக்கிட்டு அந்த வழியாத்தான் வருவா. காலையிலகூட, "கையக் கழுவாம சட்டியத் தொட்ட, கடல்ல தள்ளிருவேன் பாத்துக்க"ன்னு மிரட்டித்தான் அனுப்பினா.

"வண்டியத் திருப்புங்க மேஸ்திரி! அவ வருவா!"

"பாருங்கடா, மாப்பிள்ளைக்கு அரை மணி நேரம்கூடப் பொண்டாட்டியப் பிரிஞ்சு இருக்க முடியல!"

லாரியே சிரிச்சுது. அவன் குதிச்சுட்டான். தண்ணி காலப் புடிச்சு இழுக்க இழுக்க ஓடினான்.

தெருமுனையில கிளையக் காணோம். சட்டி மட்டும் மிதந்து வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. மேல கட்டின துணிகூட அவிழல. எதிர்வீட்டு மாடியில நின்ன பொம்பளை தலையில அடிச்சுக்கிட்டு அழுதா.

"வழியில கிடந்த கிளையெல்லாம் தள்ளிக்கிட்டே வந்தா அண்ணே. அதையும் தள்ளினா. அப்புறம் அவளக் காணோம்!"

தோள் வரைக்கும் கைய விட்டுத் துழாவினான். பேரச் சொல்லிக் கத்தினான். தண்ணி உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. அந்தக் குழாய் எங்க போய் முடியும்னு ஊருலயே அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். உடைஞ்ச ரோட்டுக்கு. திரும்பி ஓடினான்.

அவன் போய்ச் சேரும்போது சாய்மோன் பள்ளத்தோரமா தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். ஒருத்தனும் சிரிக்கல.

இப்பல்லாம் செஃபெரினோ கிளை நடுறதில்ல. மூடியத் திறந்தா, திரும்ப மூடுற வரைக்கும் அவனேதான் மரமா நிப்பான். யாராவது இரக்கப்பட்டுச் சோறு கொண்டுவந்தா, தூரத்துலயே கத்துவான்:

"வராத! அங்கயே நில்லு!"