"சாப்ட்டியா புள்ள?" என்று கேட்ட கிளி

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். காரைக்காலில் கடற்கரைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். எங்கள் கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். புருஷன், பொண்டாட்டி, புருஷனுடைய அம்மா. அவர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து கடை வைத்தவர். பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ, சென்னையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு வெளிநாட்டுக் கிளி வாங்கி வந்து செல்லமாக வளர்த்தார். ராத்திரி சாப்பாட்டில் தன் தட்டிலிருந்து ஒரு வாய் அதற்கும் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் சூரியகாந்தி விதைதான்.

ஒருநாள் மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மனைவி இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் இறந்த பிறகு நாலு மாதத்துக்கு மேல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முறை அது. அவர் போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அடங்கிய நேரம், கொல்லையில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் விலகும் சத்தம். செருப்பை உதறிக் கழற்றும் சத்தம். கடையிலிருந்து வந்ததும் அவர் கனைக்கும் அதே கனைப்பு. அப்புறம் அவர் குரல்.

"சாப்ட்டியா புள்ள?"

கையிலிருந்த துணி நழுவிவிட்டது. கிளிதான் என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை.

தினமும் அதே நேரம், அதே குரல். தெருவில் போகிறவர்கள் நின்று காது கொடுத்தார்கள். இத்தா இருக்கிற வீட்டில் ஆம்பளைக் குரல் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிளி என்று சொன்னால், "ஏங்க, கிளி எங்கயாச்சும் கனைக்குமா?" என்று சிரித்தார்கள். அவள் மாமியார் மிரண்டுபோய்க் கூண்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒங்க கொல்லயில மாட்டி வைங்கம்மா. இத்தா முடிஞ்சதும் யாருக்காச்சும் குடுத்துடுவோம். பெத்த புள்ளய மண்ணுல வச்சுட்டு, அவன் கொரல தெனம் கேட்டா எங் கல்பு, இந்த நெஞ்சு தாங்குமா?"

எங்கள் வீட்டுக்கு வந்த கிளி தின்பதை விட்டுவிட்டது. விதையை உரித்து உரித்துக் கீழே போடும், முழுங்காது. இறகு மங்கி, வாய்க்குள் வெள்ளைத் திட்டு வந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். "மாடுன்னா நானே சொல்லிடுவேன். கிளிக்குக் கேட்டுத்தாம்மா சொல்லணும்" என்று டாக்டர் சென்னையில் பறவை வைத்தியம் பார்க்கும் நண்பருக்குப் போன் போட்டார். விதையிலேயே வளர்ந்த உடம்பு, கொழுப்புதான் இருக்கிறது, சத்து இல்லை என்றாராம் அவர். கேரட், சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை கொடுக்க வேண்டும். பெல்லட் என்று உருண்டைத் தீவனம் வருகிறது. கலர் கலராகச் சாயம் போட்டது, இனிப்புச் சேர்த்தது வேண்டாம், வெறும் பழுப்பாக இருப்பதை வாங்கி விதையோடு கலந்து, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். புதுத் தீனியைத் தானாகத் தொடாது, கூட யாராவது தின்றால்தான் தொடும். மருந்தும் எழுதிக்கொடுத்துவிட்டு, பட்டினி கிடந்தால் இந்த வாரம் தாண்டாது என்றார் டாக்டர்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் பெல்லட் வந்தது. கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து நானும் ஒன்றை வாயில் போட்டு மென்று காட்டினேன். தவிட்டு ருசி. கிளி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. பாங்கு முடிந்ததும் தாழ்ப்பாள், செருப்பு, கனைப்பு. "சாப்ட்டியா புள்ள?" கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பதிலுக்குக் காத்திருப்பது போல.

பக்கத்து வீட்டுக்குப் போய், கிளி பட்டினி கிடப்பதை அவளிடம் சொன்னேன். அவளே பாதி உடம்பாகியிருந்தாள். மூடி வைத்த சோறு மூடியபடி இருந்தது.

"அதுவும் போயிட்டா மச்சான் கொரலும் போயிடும்க்கா. போட்டோ இருக்கு. போட்டோ பேசுமா?"

மறுநாள் பாங்கு முடிந்து சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கிளி கேட்டது. "சாப்ட்டேன் மச்சான்" என்றாள். கிளி சட்டென்று குனிந்து ஒரு உருண்டையைக் கவ்வியது. கடிக்கவில்லை. கவ்விக்கொண்டே காது கொடுத்தது. அப்புறம் கீழே போட்டுவிட்டு மறுபடி கேட்டது. மறுபடி அதே பதில். மறுபடி கவ்வி, மறுபடி போட்டது. நான் சுவரோரம் போனேன்.

"தங்கச்சி, நெசமா சாப்ட்டியா?"

 சுவருக்கு அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"தட்ட எடுத்துட்டு வந்து உக்காரு. அது ஒன் பேச்ச நம்பல."

சிமெண்ட்டுத் தரையில் தட்டு வைக்கும் சத்தம். அப்பளம் நொறுங்கும் சத்தம். இந்தப் பக்கம் கிளி உருண்டையைக் கடித்தது. அவள் மென்றால் அது மெல்லும். அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்திச் சுவரைப் பார்க்கும். இருட்டும்வரை இரண்டும் தின்றன, நடுவில் நான் மூச்சுக்காட்டாமல் நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கிளிக்கு விதை குறைந்து பெல்லட்டும் கேரட்டும் ஏறின. வாய்த் திட்டு ஆறியது. அவள் கன்னத்திலும் சதை பிடித்தது. இத்தா முடிந்ததும் மாமியாரே வந்தார். "கிளிய எடுத்துக்குறேம்மா. அது இல்லாட்டி இவ சோறு திங்க மாட்டா" என்று கூண்டை வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியாரும் மருமகளும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், கிளி மட்டும் உள்ளே இருக்க, வீடு பூட்டிக் கிடந்தது. பாங்கு முடிந்தது. தாழ்ப்பாள், செருப்பு, கனைப்பு. "சாப்ட்டியா புள்ள?" அதற்கு அவள் குரலிலேயே பதில் வந்தது: "சாப்ட்டேன் மச்சான்." அப்புறம், ஆளில்லாத வீட்டுக்குள் தட்டு வைக்கும் சத்தம்.

துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தவள்தான் நான். ஆனால் இன்றைக்கும் யாராவது துக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால், அந்த வார்த்தையோடு விட்டுவிடாமல், தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.