மலை பங்களாவுக்குக் கேதம் கேட்க வந்த வேன்

தம்பி மஞ்சள்காமாலையில் இறந்தபோது எனக்கு எட்டு வயது, அவனுக்கு மூன்று. அடக்கம் முடிந்த பிறகு அம்மா அழவில்லை, பேசவும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆள் அரவமில்லாத இடத்தில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னதும், அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்துபோயிருந்த அப்பா, நாகல் நகர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களைச் சிறுமலைக்குக் கூட்டிப்போனார். தெரிந்தவர் ஒருவரின் பங்களா அது. சுற்றிலும் காப்பிச் செடி, மிளகுக் கொடி, மூடுபனி.

உறவுக்காரர்களில் யாருக்கும் அப்பா சொல்லவில்லை. கேதம் கேட்க வருகிறவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், அது ஆகாது என்று நினைத்தார். “சத்தமே இல்ல பாத்தியா?” என்று அம்மாவிடம் ஏதோ தானே ஏற்பாடு செய்தது போலச் சொல்வார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கோ பள்ளிக்கூடம் இல்லாத சந்தோஷம். அதுவும் சீக்கிரமே தீர்ந்துபோய், அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செம்பட்டிப் பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்ததால் அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை. கேதம் கேட்காமல் விட்டால் உறவு அறுந்ததாக அர்த்தம். திரும்பி வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் துப்பு விசாரித்து, ஒரு வேன் பிடித்து, சனத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு மலையேறிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். கையில் ரசம் நிறைந்த தூக்குச்சட்டியோடு பெரியம்மா முதலில் இறங்கினார்.

“ஏத்தா, ஒங்கம்மா எங்க?”

“தூங்குறாக” என்றேன், அப்பா சொல்லிக்கொடுத்தபடி.

அப்பா ஓடி வந்தார். “மதினி, வேணாம். டாக்டரு அமைதியா வச்சிருக்கச் சொல்லிருக்காரு.”

“பிள்ளையப் பறிகொடுத்தவள காட்டுல கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கீகளே, நல்லாருக்கா இது?” என்று அவரைத் தள்ளிவிட்டுப் பெரியம்மா உள்ளே போனார்.

அடுத்த நிமிடம் அம்மா அலறினாள். கூரையில் இருந்த குரங்குகள் சிதறி ஓடின. பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி, தம்பியின் பேர் சொல்லி அழுதார்கள். அமைதியாக இருந்த அம்மாவைப் பெரியம்மா கெடுத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் மத்தியானம் பெரியம்மா பிசைந்து ஊட்டிய ரசஞ்சோற்றை அம்மா விக்கி விக்கித் தின்றாள்.

வேனில் வந்த ஆண்கள் வழக்கப்படி வரிசையாக வந்து அப்பாவின் கையைத் தொட்டார்கள். தொட்டுவிட்டு, டிரைவரிடம் காட்டுமாடு நடமாட்டம் பற்றி விசாரிக்கப் போய்விட்டார்கள்.

அப்பாவைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கண்டேன். படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடியிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே அவருக்கும் கோபம் என்று நினைத்தேன்.

“அவுகளப் போகச் சொல்லிருவோம்ப்பா” என்றேன்.

துண்டை எடுக்காமலே, “செத்த நேரம் போயி வெளாடு தாயி” என்றார்.

செத்துப்போனவன் அவருக்கும் பிள்ளைதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. விளையாடப் போய்விட்டேன்.