டாசன் சிட்டியில் என் வைரத்தோடு

ஜூன் கடைசி வாரம். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் கேட்டி நகரில் வெயில் மண்டையைப் பிளந்தது. குளிர்ந்த ஊராக வேண்டும் என்றேன் நான். தங்கம் கிடைக்கிற ஊராக வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர் ஸ்ரீராம். இரண்டுக்கும் பொருந்தி வந்தது கனடாவின் வடகோடியிலுள்ள டாசன் சிட்டி. நூறு வருடங்களுக்கும் முன்னால் தங்கவேட்டைக்காக ஜனங்கள் விழுந்தடித்து ஓடிய ஊர். பாஸ்போர்ட்டோடு கிரீன் கார்டும் இருந்ததால் தனி விசா தேவைப்படவில்லை.

கிளம்பும்போதே சண்டை. எங்கள் ஏரியாவில் நகைக்காகவே இரண்டு இந்திய வீடுகளை உடைத்திருந்தார்கள். அதனால் அம்மா என் கல்யாணத்துக்குத் தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த வைரத்தோட்டைப் போட்டுக்கொண்டே கிளம்பினேன்.

"பேங்க் லாக்கர்ல வெச்சுட்டு வாயேன்!" என்றார் ஸ்ரீராம்.

"என் காதைவிட சேஃபான லாக்கர் எதுங்க?"

ஹூஸ்டனிலிருந்து வான்கூவர் வழியாக வைட்ஹார்ஸுக்கு விமானம். மறுநாள் காலை எட்டு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பி, 530 கிலோமீட்டர் கடந்து மூன்றரைக்கு டாசன் சேர்ந்தோம். அடடா, என்ன ஊர்! மண் தெரு, மர நடைபாதை, அடியில் உறைந்து கிடந்த மண் இளகியதால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய கட்டடங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு போனான்சா ஓடை. ஊரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே யார் வேண்டுமானாலும் தங்கம் தேடலாம், கட்டணமில்லை. மணலை அரிக்கிற தட்டு மட்டும் நம்முடையது. கடையில் இருபது டாலருக்கு வாங்கினோம். வேலை, அரிசியில் கல் அரிப்பதேதான். அரை மணியில் எனக்கு இரண்டு மினுக்குத் துகள்! துள்ளிக் குதித்தேன். கொசுதான் பிடுங்கித் தின்றது. காதோரம் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

சற்று நேரத்தில் பன்னிரண்டு வயது மகள் நிலா கத்தினாள். "அம்மா! வேர் இஸ் யுவர் இயரிங்?"

இடது காது மூளி. அடுத்த மாதம் அம்மா வருகிறாள்; வாசலிலேயே என் காதைத்தான் பார்ப்பாள். அழுதுவிட்டேன்.

பக்கத்தில் அலசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரப் பெண்மணி கெயில் கையை உயர்த்தினார். "யாரும் காலை எடுக்காதீங்க! தங்கம் கனம், ஓடாது. நீங்க நிக்கற இடத்துலயே தோண்டுங்க."

என் காலடிச் சரளையை ஸ்ரீராம் அள்ளிப் போட, கெயிலோடு நானும் நிலாவும் தட்டுத் தட்டாக அலசினோம். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போனது. பதினொன்றாவது தட்டில் நிலா, "அம்மா, ஐ ஸ்ட்ரக் கோல்டு!" என்று அலறினாள். கறுப்பு மணலுக்கு நடுவே என் தோடு! அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டேன். திருகாணி மட்டும் அகப்படவேயில்லை.

கெயிலுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "இங்க எல்லாரும் தங்கத்தை எடுத்துட்டுப் போகத்தான் வருவாங்க. போட்டுட்டுப் போற முதல் ஆள் நீங்கதான்!"

நிலாவின் பென்சில் ரப்பரில் ஒரு துண்டு வெட்டித் தோட்டின் பின்னால் செருகிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கொசு மருந்து, நிறைய பெட்ரோல். வழியில் பங்க் குறைவு. நகையெல்லாம் லாக்கரில். ஆமாம், ஸ்ரீராம் சொன்னது சரிதான். இதை அவர் படிக்கட்டும். உங்கள் தட்டில் மரையோடு ஒரு குட்டித் தங்கம் மினுக்கினால் ஊரைக் கூட்டாதீர்கள். அது இருபத்திரண்டு காரட், என்னுடையது.