மாமாவின் இடக்கன்னம்

எனக்குக் காது குத்தியது இரண்டு தவணையில். ஐந்து வயதில் கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் வலக்காது. இடக்காது வெகுநாள் கழித்து. நடுவில் ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான்.

காரணம், அம்மாவின் தம்பி. அந்த வருஷம் மாமா பாதி முகத்தில் மட்டும் தாடி வைத்திருந்தார். இடக்கன்னத்தில் பிளேடு படக்கூடாது, காற்றுகூடப் படக்கூடாது என்று சித்திரை வெயிலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு அலைந்தார். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிப் பார்த்தும் வலி தீரவில்லை. முகம் கோணவில்லை, வீங்கவில்லை. அதனால் அவர் நடிக்கிறார் என்று பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கோயிலில் மாமா என்னை வலத்தொடையில் வைத்துக்கொண்டார். ஆசாரி வலக்காதைக் குத்தினார், நான் ஊரைக் கூட்டினேன். அடுத்த காதுக்கு வாகாக என்னை இடத்தொடைக்கு மாற்றச் சொன்னார் ஆசாரி. மாமா தயங்கினார். நல்ல நேரம் போகிறது என்று பெரியப்பா அதட்டவும் மாற்றிக்கொண்டார். அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். என் விரல்கள் அவருடைய இடக்கன்னத்தில் பட்டன. பட்டன, அவ்வளவுதான்.

மாமா அலறினார். ஒரு மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன். மேளம் நின்றுவிட்டது. மாமா கன்னத்தைத் தொடாமல் அதன் அருகே கையை நிறுத்தியபடி விறைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. உலகத்திலேயே நான் பயப்படாத மடி அது ஒன்றுதான்.

அம்மா என்னை வாரி எடுத்தாள். "தாய்மாமன் மடின்னு நம்பித்தானடா ஒக்கார வச்சேன். ஏன்டா தள்ளுன? வாயத் தொறந்து சொல்லு."

மாமா வாயைத் திறக்கவில்லை. திமிர் என்றார்கள். அன்றோடு அம்மா தம்பியிடம் பேச்சை விட்டாள். ஆனால் என்னை வேறொருவர் மடியில் உட்காரவைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், முழுச் சவரம் செய்த முகத்தோடு மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். புதுக்கோட்டை டாக்டர் சொன்னதை அம்மாவிடம் விளக்கினார். முகத்துக்கு வரும் நரம்பு ஒன்று நெற்றிக்கும் கன்னத்துக்கும் கீழ்த்தாடைக்குமாக மூன்றாகப் பிரிகிறதாம். தொட்டால் தெரிவதும், சுட்டால் தெரிவதும், மெல்லுவதும் அதனால்தானாம். முகத்தை அசைப்பது வேறு நரம்பு என்பதால் வெளியே ஒன்றும் தெரியாதாம். உள்ளே ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை உரசுவதால்தான் இந்த வலியாம். இப்போது மாத்திரையில் வலி அடங்கியிருக்கிறது என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் தொறந்தாலே கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டுச்சுக்கா. எப்புடிச் சொல்ல?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் வீட்டிலேயே இடக்காது குத்தினார்கள். மாமா என்னை இடத்தொடையில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துத் தன் இடக்கன்னத்தில் தானே வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசியைக் கண்டு மாமாவுக்குத்தான் பயம் என்று நினைத்து, "பயப்படாதீங்க மாமா" என்று அந்தக் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். மாமா மெல்லக் கண்ணைத் திறந்து சிரித்தார்.

அம்மா விசும்பிக்கொண்டிருந்தாள். காது என்னுடையது, இன்னும் குத்தவே இல்லை, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.